திரை ஏன் இருண்டிருக்கிறது?

பழைய மேசைக் கணினியைத் தூக்கி எறியாமல், அதன் சில பாகங்களை மட்டும் மாற்றி அதன் திறனை உயர்த்திக்கொள்ள முடியும். புதிய கணினி வாங்கும் செலவில் ஒரு பகுதியிலேயே இந்த வேலை முடிந்துவிடும். ஆனால், புதிய பாகங்களைப் பொருத்தி, பெட்டியை மூடி, மின்விசையை அழுத்தியதும் சில வேளைகளில் ஏமாற்றமே காத்திருக்கும். காற்றாடி சுழலும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் தோன்றாது. நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய பாகம் கெட்டுவிட்டதோ என்று மனம் பதறும். பல நேரங்களில் பாகத்தில் குறை இருப்பதில்லை. பொருத்திய முறையில்தான் ஏதேனும் ஒரு சிறு பிழை இருக்கும். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒழுங்கான சிந்தனை இருந்தால் போதும்.

முதலில், படம் திரைக்கு எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்வோம். மின்விசையை அழுத்தியதும் மின்வழங்கி எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரத்தை அனுப்புகிறது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல், செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றைச் சோதிக்கிறது. அதன் பின்னரே படம் உருவாகி, இணைப்பு வடத்தின் வழியே திரையை அடைகிறது. இது ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி விடுபட்டாலும் திரை இருண்டே இருக்கும். காற்றாடி சுழல்வது மின்சாரம் வந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டும். மற்றவை சரியாக உள்ளன என்பதற்கு அது சான்றாகாது. அதேபோல், படம் தோன்றாத காரணத்தால் மட்டும் கணினியில் சேமித்த பாடங்களும் படங்களும் அழிந்துவிடுவதில்லை. ஆகவே, பதற்றம் வேண்டாம்.

சோதனையை எப்போதும் எளியதிலிருந்து தொடங்க வேண்டும். திரையின் விளக்கு எரிகிறதா? வடத்தின் இரு முனைகளும் இறுக்கமாக உள்ளனவா? திரையில் 'சிக்னல் இல்லை' என்ற செய்தி தோன்றினால், திரை இயங்குகிறது, படம்தான் வந்து சேரவில்லை என்று பொருள். எச்.டி.எம்.ஐ. வடத்தைச் செருகிவிட்டு, திரையில் வேறோர் உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே செய்தி வரலாம்.

அடுத்து, வடம் எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். புதிய வரைகலை அட்டையைப் பொருத்தியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். பெட்டியின் பின்புறத்தில், யூ.எஸ்.பி. துளைகளுக்கு அருகே இருப்பது தாய்ப்பலகையின் இணைப்புத் துளை. அதற்குக் கீழே தனியாக இருப்பது வரைகலை அட்டையின் துளை. அட்டை பொருத்தப்பட்ட பிறகு, வடத்தை அட்டையில்தான் செருக வேண்டும். பழைய பழக்கத்தில் தாய்ப்பலகையிலேயே செருகினால் படம் வராமல் போகலாம். சில செயலிகளில் படத்தை உருவாக்கும் பகுதியே இல்லை. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால், அது அத்தகைய வகையைச் சேர்ந்தது.

வெளிப்புறத்தில் குறை இல்லையென்றால் பெட்டியைத் திறக்கலாம். அதற்கு முன் மின்விசையை அணைத்து, வடத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு, கணினியின் விசையைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்கும். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தேங்கியிருக்கும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே, கடைசியாக எதை மாற்றினோமோ அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மாற்றியது வரைகலை அட்டை என்றால், அதற்குத் தனி மின்வடம் தேவையா என்று பார்க்க வேண்டும். தாய்ப்பலகையின் ஸ்லாட் வழியாக அட்டைக்கு 75 வாட் வரையிலான மின்சாரமே கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து நேரடி இணைப்பு தர வேண்டும். மாற்றியது ரேம் எனப்படும் நினைவகம் என்றால், அதை வெளியே எடுத்து, பள்ளம் பொருந்துமாறு வைத்து, இரு முனைகளிலும் 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும். இரண்டு நினைவகங்கள் இருந்தால் ஒன்றை மட்டும் பொருத்திப் பார்க்கலாம். டிடிஆர்5 வகை நினைவகம் புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தால், முதல் முறை படம் தோன்றச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அப்போது அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது.

செயலியை மாற்றியவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, செயலிக்கு அருகிலுள்ள தனி மின் இணைப்பு. அது விடுபட்டாலும் காற்றாடிகள் சுழலும், படம் வராது. மற்றொன்று, பயாஸ் நிரலின் பதிப்பு. 2017ஆம் ஆண்டில் விற்கப்பட்ட ஏஎம்4 வகைத் தாய்ப்பலகையில், 2020ஆம் ஆண்டு வெளிவந்த ரைசன் 5000 வரிசைச் செயலி அளவில் சரியாகப் பொருந்தும். ஆனால், பழைய பயாஸ் நிரலுக்கு அச்செயலியை அடையாளம் தெரியாது. பழைய செயலியை மீண்டும் பொருத்தி, அந்தத் தாய்ப்பலகைக்குரிய புதிய பயாஸ் பதிப்பை ஏற்றிய பிறகே புதிய செயலியைப் பயன்படுத்த முடியும்.

பல தாய்ப்பலகைகள் தாமாகவே குறிப்புத் தருகின்றன. செயலி, நினைவகம், வரைகலை அட்டை என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கு இருக்கும். எந்த விளக்கு அணையாமல் எரிகிறதோ, அந்தப் பாகத்தில் தேடலைத் தொடங்கலாம். சில பலகைகள் 'பீப்' ஒலியால் இதை உணர்த்தும். அந்த ஒலியின் பொருளைக் கையேட்டில் காணலாம்.

இந்தத் தேடலில் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்று பாகங்களைச் சேர்த்து மாற்றிய பின் படம் தோன்றினால், எது காரணம் என்று தெரியாமலேயே போய்விடும். பழைய பாகத்தை மீண்டும் பொருத்திப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனையே. படம் தோன்றினால், புதிய பாகத்தையோ அதன் இணைப்பையோ ஆராயலாம். அப்போதும் தோன்றாவிட்டால், வேலையின்போது வேறு ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

செய்த சோதனைகளையும் கிடைத்த முடிவுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குறை தீராமல் பழுதுபார்ப்பவரிடம் செல்ல நேர்ந்தாலும், அவர் அத்தாளைப் பார்த்து, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கலாம். காரணம் அறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் பணமும் வீணாகும். நன்றாக இயங்கும் பொருளும் மின்கழிவாகிவிடும். காரணத்தை அறிந்தவருக்கோ, சில வேளைகளில், ஒரு வடத்தை இடம் மாற்றிச் செருகுவதே போதுமானதாக இருக்கும்.