துணிவை அளக்க ஓர் அளவுகோல்

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர், மாமியாரின் முன்னிலையிலேயே மருமகளிடம் வினவுகிறார்: "அடுத்த குழந்தை எப்போது என்பதை உங்கள் வீட்டில் தீர்மானிப்பவர் யார்?" மருமகள் தலை குனிந்தவாறே, "இருவரும் சேர்ந்துதான்" என்கிறாள். ஏட்டில் அவ்வாறே பதிவாகிறது. அந்தச் சொல்லின் பின்னே இருந்தது கலந்தாலோசனையா, வெறும் தலையசைப்பா? ஏடு அதை அறியாது.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, தம் உடல்நலம், பெருஞ்செலவுகள், உறவினர் வீடு செல்லுதல் ஆகிய மூன்றிலும் முடிவெடுப்பதில் பங்கு கொள்ளும் மணமான பெண்கள் நூற்றுக்கு 71 பேர் என்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் பங்கு கொள்வது வேறு. மனம் திறந்து பேசும் துணிவு வேறு.

இத்துணிவையும் அளக்கலாம் என்று வழி காட்டியவர் உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா. 'இதை என்னால் செய்ய முடியும்' என்று ஒருவர் தம்மீது கொள்ளும் நம்பிக்கையே செயலுக்கு வித்து என்று 1977-இல் அவர் விளக்கினார். அவர் வகுத்த முறையில் 'யார் தீர்மானிப்பவர்?' என்று கேட்பதில்லை. 'கணவர் சினந்திருக்கும்போதும் இப்பேச்சை உங்களால் எடுக்க இயலுமா? மருத்துவரிடம் பக்கவிளைவுகளைக் கேட்க இயலுமா? ஒரு முறை உடலுக்கு ஒவ்வாதபோது வேண்டாம் எனச் சொல்ல இயலுமா?' என்பன போன்று சூழ்நிலைகளைச் சொல்லி, பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண் இடச் சொல்வார்கள். எந்த இடத்தில் எண் சரிகிறதோ, அங்கேதான் அப்பெண்ணுக்குத் துணை தேவை.

அந்தத் துணை தேவை என்பதற்கு அதே ஆய்வு சான்று தருகிறது. தாம் பயன்படுத்தும் கருத்தடை முறையின் பக்கவிளைவுகள் பற்றி எப்போதேனும் எடுத்துரைக்கப்பட்டவர்கள் 62.4 விழுக்காட்டினர் மட்டுமே. பெண்கள் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை 37.9 விழுக்காடு, ஆண்கள் செய்துகொண்டதோ வெறும் 0.3 விழுக்காடு! சுமை யார் தோளில் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே! பால்குடி மறக்கச் செய்யும் முடிவைக்கூடத் தாயும் தந்தையும் மனமொப்பி ஆலோசித்துச் செய்யும்படி திருக்குர்ஆன் (2:233) வழிகாட்டுகிறது. கருத்தரிப்பைத் தவிர்க்கும் 'அஸ்ல்' முறைக்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஹனஃபி, ஹன்பலி சட்ட அறிஞர்கள் வகுத்துரைத்தனர். மனைவியின் வாய்ச்சொல் வீட்டில் மதிக்கப்பட வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று.

இன்றிரவு கணவன்மார்கள் தம் மனைவியரிடம் ஒன்று கேட்கட்டும்: "என்னிடம் 'வேண்டாம்' என்று சொல்ல உனக்கு அச்சமுண்டா?" பதில் வருவதற்கு முன் நிலவும் மௌனம் எவ்வளவு நீளம் என்பதைக் கவனியுங்கள். எந்த ஆய்வேட்டிலும் இல்லாத அளவுகோல் அதுவே.