முதல் முறை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறீங்களா? கை நடுங்கினால் பரவாயில்லை!

2021-ன் தொடக்கத்தில் நடிகர் அஜித் டாக்ஸியில் வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் வந்து இறங்க, பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், அவர் போக வேண்டியது எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள ரைஃபிள் கிளப். அட்ரஸ் மாறிப்போச்சு, அவ்வளவுதான். அதே ஆண்டு மாநிலப் போட்டியில் அவர் பதக்கங்களும் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, 'நாமும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா' என்று கேட்பது ஆபீஸ் கேன்டீன் பேச்சாகவே ஆகிவிட்டது.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இது தொலைதூர விஷயமும் இல்லை. எழும்பூருக்கு நேரடி மின்சார ரயில் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் நடந்த குருநானக் கல்லூரி ரேஞ்ச் வேளச்சேரியில்தான். பிரச்சினை தூரம் இல்லை, துப்பாக்கியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குமே, அதுதான்.

அந்த பயம் நியாயமானதா?

நியாயமானதுதான். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினரின் பயிற்சித் தளத்தில் இருந்து பாய்ந்த குண்டு, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் பட்டது. சில நாள்களில் அந்தக் குழந்தை உயிரிழந்தான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆனாலும் நடந்தது. தடுக்க ஏதாவது இல்லாவிட்டால் குண்டு தானாக நிற்காது என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது.

புதியவர்கள் தொடங்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் வேறு வகை. இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்திய காற்று, 4.5 மி.மீ. ஈய பெல்லட்டைத் தள்ளுகிறது. ராணுவ ரக ரைஃபிள் தோட்டா ஒலியைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும். போட்டி ரக ஏர் ரைஃபிள் பெல்லட்டின் வேகம் நொடிக்கு சுமார் 170 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்தில் பாதி. தோளில் உதைக்காது. 'பட்' என்று ஒரு சத்தம். டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டியும் சுவரும் இருக்கும். அதற்காக பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கண்ணைப் பறிக்க இந்த வேகம் தாராளமாகப் போதும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

நல்ல கோச் முதலில் சுடச் சொல்லவே மாட்டார். துப்பாக்கியின் வாய் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும், சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது, எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பதை முதலில் மண்டையில் ஏற்றுவார். குழலுக்குள் நீளமாக ஓடும் ஆரஞ்சு நிற நைலான் இழையைக் காட்டுவார். அது உள்ளே இருந்தால் குண்டு இல்லை என்று பக்கத்து ஆள் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 'லோட்' என்ற பிறகுதான் பெல்லட், 'ஸ்டார்ட்' என்ற பிறகுதான் சுடுவது. 'ஸ்டாப்' சத்தம் கேட்டால் பாதி மூச்சில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ஆபத்தைப் பார்த்தால் புதியவரும் 'ஸ்டாப்' என்று கத்தலாம். கூச்சப்பட வேண்டாம்.

உண்மையில் புதியவர்கள் சறுக்கும் இடம் வேறு. பின்னால் நிற்கும் நண்பன் 'மச்சான், இங்க பாரு' என்று போனை நீட்டுவான். கையில் பிஸ்டலோடு உடம்பு திரும்பும், கூடவே குழலும் திரும்பும். பயந்த சுபாவம் உள்ளவரைவிட, போட்டோவுக்கு ஆசைப்படுபவர்தான் ரேஞ்சில் ஆபத்தானவர். போட்டோ வேண்டும் என்றால் துப்பாக்கியை மேசையில் வைத்து, ஆரஞ்சு இழையைப் போட்டுவிட்டு எடுக்கலாம்.

நடுக்கம் அதிகமானால் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரைஃபிளை மேசையில் ஒரு தாங்கியின் மேல் வைத்துச் சுட அனுமதி. போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கும், சும்மா தூக்கி நின்றாலே தோள் வலிக்கும். இரண்டு, பெல்லட் போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவது. சாம்பியன்களும் இதை மணிக்கணக்கில் செய்கிறார்கள். வட்டங்களே இல்லாத வெள்ளைத் தாளில் சுடவைக்கும் கோச்களும் உண்டு. ஏர் ரைஃபிள் டார்கெட்டின் 10 புள்ளி வட்டம் வெறும் அரை மி.மீ. அகலம்தான், பேனா முனை அளவு. முதல் நாளே அதைத் துரத்தினால் மூச்சு முட்டும். வெள்ளைத் தாளில் ஐந்து ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் அன்றைக்கு அதுவே வெற்றி.

கண்ணாடி கட்டாயம் போடுங்கள், கடினமான பரப்பில் பட்டால் பெல்லட் தெறித்து வரும். பெல்லட் ஈயம் என்பதால், சமோசாவைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

மொட்டை மாடியில் பழகலாமா?

கூடாது. '20 ஜூலுக்கு மிகாத, 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்பது ஆயுத விதிகள் 2016-ல் உள்ளதுதான். ஆனால் வாங்க லைசென்ஸ் வேண்டாம் என்றால் எங்கும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. குறி தவறிய பெல்லட் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ அந்தத் தூரத்துக்குள் எத்தனை மாடி, எத்தனை துணி உலர்த்தும் அம்மாக்கள்! பிறர் உயிருக்கு ஆபத்தாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125-ன் கீழ் வழக்கு வரும். நன்மங்கலம் காட்டுப் பக்கம் போய்ப் பறவையைக் குறிவைத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முதல் மாதங்களில் துப்பாக்கி வாங்கும் அவசரமே வேண்டாம். போன் செய்து, புதியவர்களுக்கு வகுப்பு உண்டா, ரேஞ்சின் துப்பாக்கியையே தருவார்களா, ஒரு கோச்சுக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.