அம்பாளுக்குச் சாத்த இக்கத் பட்டு: அசலை அறிந்து வாங்குவது எப்படி?

நவராத்திரி நெருங்கும் வேளையில், ஆலயங்களில் உபயம் ஏற்றுக்கொண்ட குடும்பத்தார் அம்பாளுக்குச் சாத்தப் பட்டுச் சேலை தேடிக் கடைவீதிகளில் இறங்கிவிடுவர். காஞ்சிபுரமும் ஆரணியும் இங்குள்ள தமிழருக்கு நெடுங்காலமாகப் பழகியவை. அவற்றோடு போச்சம்பள்ளி, பட்டோலா என்னும் இக்கத் சேலைகளும் இன்று விரும்பி வாங்கப்படுகின்றன. ஆனால், இப்பெயர்களைச் சொல்லி அச்சடித்த விசைத்தறித் துணிகளும் விற்கப்படுகின்றன. பட்டுச் சாத்துவதாக நேர்ந்துகொண்டவர், தம்மையறியாமல் செயற்கை இழைத் துணியைச் சாத்திவிட நேர்வது வருந்தத்தக்கது.

இக்கத் என்னும் சொல்லின் பொருளை மலேசியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலாய் மொழியில் ‘இக்காட்’ என்றால் கட்டுதல். சரவாக்கின் ஈபான் மகளிர் நெய்யும் புவா கும்புவும் இம்முறையில் உருவாவதே. நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டுகட்டாக இழுத்து நிறுத்தி, சாயம் ஏறக்கூடாத இடங்களை இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். பின்னர்க் கட்டவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, அடுத்த நிறத்தில் தோய்ப்பர். தறியில் ஏறும் முன்னரே சித்திரம் நூலில் அமைந்துவிடுகிறது.

பாவு நூலிலோ ஊடை நூலிலோ மட்டும் இவ்வாறு செய்தால் அது ஒற்றை இக்கத். இரண்டிலும் செய்தால் இரட்டை இக்கத். குஜராத் மாநிலம் பாடண் நகரில் சால்வி குடும்பத்தார் நெய்யும் பட்டோலா இரட்டை இக்கத் ஆகும். இருவர் அமர்ந்து, பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தில் நிறங்கள் பிசகாதவாறு ஊசியால் இழைகளை நகர்த்திச் சரிசெய்து நெய்வதால், ஒரு சேலைக்குப் பல மாதங்கள் ஆகின்றன. முற்காலத்தில் வணிகர் வழியே தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கு வந்த இப்பட்டையே மலாய்க்காரர்கள் ‘சிண்டாய்’ என்று போற்றினர்.

இறைவனுக்கு இக்கத் சாத்தும் மரபு புதிதன்று. ஒடிசாவின் நுவாபட்டணத்தில் நெய்யப்படும் கண்டுவா பட்டு, பூரி ஜகந்நாதருக்குச் சாத்தப்படுகிறது. ஜெயதேவரின் கீதகோவிந்த அடிகளையே நூலில் கட்டிச் சாயமேற்றி, எழுத்து எழுத்தாக அதில் நெய்துவிடுகின்றனர். தெலங்கானாவின் போச்சம்பள்ளியோ, 1951-இல் வினோபா பாவேயின் பூதான இயக்கம் தோன்றிய ஊர் என்ற பெருமையும் உடையது.

வாங்குவோர் முதலில் சேலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நூல் முழுவதும் சாயம் ஏறியிருப்பதால், அசல் இக்கத்தில் உட்புறமும் வெளிப்புறமும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். அச்சுத் துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். அடுத்து, உருவங்களின் ஓரங்களைக் கவனிக்க வேண்டும். அவை கத்தரித்தாற்போல் கூர்மையாக இராமல், நூல் ஓடும் திசையில் இறகு போல் மெல்லக் கலைந்திருக்கும். இதைக் குறையென்று எண்ணி ஒதுக்குவோர் உண்டு. உண்மையில் அதுவே இந்நெசவின் முத்திரை. முந்தானைக் குஞ்சத்தில் ஓரிழையை உருவிப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். ஒருபுறம் நிறமும் மறுபுறம் வெண்மையுமாக இருந்தால் அது அச்சே.

பட்டா என்பதை அறிய அதே இழையைக் கொளுத்திப் பார்க்கலாம். தூய பட்டு முடி கருகும் மணம் வீசி, நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். இந்தியாவின் ‘சில்க் மார்க்’ முத்திரை பட்டின் தூய்மைக்கும், 2006-இல் அறிமுகமான ‘ஹேண்ட்லூம் மார்க்’ கைத்தறிக்கும் சான்று. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் உண்டென்று கொள்ளலாகாது.

விலையும் ஒரு சாட்சியே. பாடண் பட்டோலாவின் விலை இலட்சக்கணக்கான ரூபாய். அதைச் சில நூறு வெள்ளிக்குத் தருவதாக ஒருவர் கூறினால் நம்புதற்கில்லை. ராஜ்கோட்டில் நெய்யப்படும் ஒற்றை இக்கத்தும் பட்டோலா என்றே விற்கப்படுகிறது. அது போலியன்று, ஆயினும் பாடண் விலை கொடுக்கத் தக்கதுமன்று. “ஒற்றையா, இரட்டையா? எந்த ஊர் நெசவு?” என்று கேட்டு, விடையை ரசீதில் எழுதி வாங்குவது நலம். வசதி குறைந்தோர் போலிப் பட்டை நாடுவதைவிட, அசல் போச்சம்பள்ளிப் பருத்திச் சேலையை வாங்கிச் சாத்துவதே மேல்.

வாங்குமுன் அர்ச்சகரிடம் விக்கிரகத்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிய உற்சவ மூர்த்திக்குச் சேலையைப் பலமுறை மடிப்பதால் பெரிய உருவங்கள் மறைந்துவிடும். சிறிய கட்டங்களே எடுப்பாகத் தெரியும். அலங்காரத்தில் குண்டூசியை நேரே குத்தாமல் நாடாவால் கட்டச் சொன்னால் இழை அறுபடாது. பிரசாதமாகத் திரும்பிவரும் சேலையை நெகிழிப் பையில் வையாமல், பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கலாம்.