கிராமபோன் குழாய்க்கு என்ன வேலை?

பாடகி சேலம் கோதாவரியின் குரல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இசைத்தட்டில் ஏறிவிட்டது. அவரைப் பதிவு செய்த கிராமபோன் கம்பெனி அப்போது ரஷ்யாவிலும் கடை விரித்திருந்தது. 1902இல் கல்கத்தாவில் அந்தக் கம்பெனிக்காக முதல் இந்தியப் பதிவுகளைச் செய்த பிரெட் கெய்ஸ்பெர்க், அதற்கு முன்பே ரஷ்யப் பாடகர்களைப் பதிந்தவர். ரஷ்யச் சந்தைக்குப் போன கிராமபோன் பெட்டியின் அலங்காரம் வேறாக இருக்கலாம். உள்ளே இருப்பவை அங்கும் இங்கும் ஒன்றுதான்: சுருள்வில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், எஃகு ஊசி, மைக்கா தகடு, பூப்போல விரிந்த குழாய். மின்சாரம் வேண்டாம். மேட்டூர் அணையிலிருந்து மின்சாரம் வந்ததே 1937இல்தான். நாமக்கல் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கு அது எட்ட இன்னும் வெகுகாலம் ஆனது. சாவி கொடுக்க ஒரு கை இருந்தால் போதும், பெட்டி பாடிவிடும்.

இந்தப் பாகங்களில் குழாயைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அது ஒலியைப் பெருக்குகிறது என்பார்கள். வெறும் தகரக் கூம்பு எங்கிருந்து சக்தியைக் கொண்டுவரும்? சக்தி சாவி திருகிய கையிலிருந்து வருகிறது. கை முறுக்கிய சுருள்வில் தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் நெளிந்த பள்ளம் ஊசியை இடமும் வலமும் தள்ளுகிறது. ஊசி மைக்கா தகட்டை அதிர வைக்கிறது. ஆனால் உள்ளங்கையைவிடச் சிறிய தகடு எவ்வளவு அதிர்ந்தாலும், எதிரே உள்ள காற்று பிடி கொடுக்காமல் நழுவிவிடும். தகட்டை ஒரு குறுகிய குழாயின் வாயில் பொருத்தினால் காற்று நழுவ வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. குழாய் மெல்ல விரிய விரிய அந்த அழுத்தம் அகன்ற காற்றுப் பரப்புக்குக் கைமாறுகிறது. தொப்பூர் கணவாய் ஏறும் லாரியின் கியர் பெட்டி எஞ்சினுக்குப் புதிதாகச் சக்தி எதுவும் தருவதில்லை. ஆனாலும் அது இல்லாமல் சுமை நகராது. குழாயின் வேலையும் அதுவே.

பித்தளைக் குழாய்தானே கணீரென்று பாடும், அப்படியானால் உலோகமும் சேர்ந்து ஒலிக்கவில்லையா என்று கேட்கலாம். ஒலிக்கிறது, அதுதான் குறை. குழாயின் சுவர் அதிர்ந்தால் பாட்டில் இல்லாத ஓசை வந்து கலக்கும். இங்கிலாந்தில் இ.எம்.ஜி. நிறுவனம் காகிதக்கூழில் குழாய் செய்து பேர் வாங்கியதே இதற்குச் சான்று. பளபளப்புக்காகப் புதிதாக வார்த்து விற்கப்படும் ‘பழைய’ கிராமபோன்கள் வரவேற்பறைக்குத்தான் லாயக்கு. முக்கியம் உலோகமல்ல, விரியும் விதமும் வாயின் அகலமும். வாய் சிறுத்தால் கீழ் சுருதிகள் வெளியே வரா. பதிவும் அன்று குழாய் வழியாகவே நடந்ததால், பெண் குரல் தெளிவாக விழுந்த தட்டுகளில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி எழுப்பும் கீழ் ஓசையைத் தேட வேண்டியிருக்கிறது.

குழாய் அவ்வளவு அவசியமென்றால் பின்னால் வந்த கிராமபோன்களில் அதைக் காணோமே? காணாமல் போகவில்லை, மடங்கிப் பெட்டிக்குள் போய்விட்டது. 1906இல் வந்த விக்ட்ரோலாவில் கதவைத் திறந்தால் தெரிவது அதன் வாய்தான். 1925க்குப் பிறகு மின்பதிவும் ஒலியைப் பெருக்கும் வால்வும் வந்து, சக்திக்குப் பஞ்சமில்லை என்றான பின்னும் குழாய் ஓயவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட்காரர் வேப்பமரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்குள் மடங்கிக் கிடப்பது இதே குழாய். சில வாட் மின்சாரத்தில் அடுத்த ஊர் வரை கேட்க வைப்பதால்தான், பெட்டி ஸ்பீக்கர் வைத்துக்கொள், கூம்பு கூடாது என்று போலீஸ் சொல்கிறது.