ரொஜர்ஸ் துரையின் யானைக் கணக்கு

ஊவா மலைச் சுவடுகள் – 14

பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இலங்கை ரைபிள் படையின் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், வயது 41 என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அவர் நினைவாக எழும்பியதுதான் அந்தத் தேவாலயம். ஆனால் இன்றைக்கும் அவர் பேரை ஊர் பேசுவதற்குக் காரணமான சங்கதி கல்லில் இல்லை. துரை சுட்ட யானைகள் 1,400க்கு மேல்.

இது கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தத் தொகையைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். ரோட்டுத் துரை தோமஸ் ஸ்கின்னரும் கால்வே என்ற இன்னொரு படை அதிகாரியும் ஆளுக்கு ஏறத்தாழ அதில் பாதி சுட்டவர்களாம். பிரஷ்ய இளவரசர் வால்டெமாரோடு இலங்கைக்கு வந்த மருத்துவர் ஹோஃப்மைஸ்டர், ரொஜர்ஸின் வீட்டை நேரில் பார்த்து எழுதினார். விறாந்தைக் கதவுகளில் பெரிய பெரிய தந்தங்கள், சாப்பாட்டு அறையின் மூலைகளிலும் தந்தங்கள். அவ்வளவு யானை சுட்டதில் கொம்பன்கள் அறுபதுக்குச் சற்று மேல்தானாம். இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை மிகச் சொற்பம். அப்படியானால் மற்றதெல்லாம் பெண் யானையும், அலியன் எனும் தந்தமில்லாத ஆண் யானையும். தந்தத்துக்காகச் சுட்டார் என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது.

பின் எதற்கு? அரசாங்கமே தலைக்கு இத்தனை சிலிங் என்று சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் போனது. வயலையும் சேனையையும் யானை அழிக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் பொய்யில்லை. ஆனால் மலைச்சரிவுகளில் கோப்பிக்காகக் காடு விழுந்ததும் இதே வருஷங்களில்தான். யானையைச் சுடுவதும், வழக்கு விசாரிப்பதும், ரோட்டு வெட்டுவதும் ஒரே நிர்வாகத்தின் வேலை. ரொஜர்ஸ் விஷயத்தில் மூன்றும் ஒரே ஆளின் வேலை.

ரோட்டு என்றதும் இன்னொன்று. மலையில் எந்தப் பக்கம் ஏறினால் சரிவு குறைவு, எந்தக் கணவாயில் இறங்கலாம் என்பதை யானைத்தடம் பார்த்தே கண்டுகொள்ளலாம் என்று ரோட்டு அளந்த பொறியியலாளர்கள் சொன்னதை டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். யானை போட்ட வழியில் துரை ரோட்டுப் போட்டார். அந்த ரோட்டில் நம் சனம் கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு ஏறியது. 

வேட்டையின் முறையைப் பார்த்தால்தான் அதில் யார் யார் இருந்தார்கள் என்பது விளங்கும். அன்றைய துவக்கு வாய்வழி மருந்து இடிப்பது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே யானை வந்து சேர்ந்துவிடும். ஆகவே மிக அருகே நெருங்கி, நெற்றியிலோ காதுக்குப் பின்னாலோ குறிவைத்தார்கள். இரண்டாவது துவக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் துரையின் தோளோடு ஒட்டி நிற்க வேண்டும். யானை பாய்ந்து வரும்போது அவர் ஓடிவிட்டால் துரையின் கதை முடிந்தது. வெறுங்கையோடு நிற்பதற்குச் சமமான அந்த நிலைக்குத்தான் நான் வீரம் என்று பேர் வைப்பேன். அவருக்கும் முன்னால், லத்தியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக் கூட்டம் போன திசை சொன்ன கிராமத்து ஆள் ஒருவர் இருந்தார். தேவாலயத்தில் அவர்களுக்குக் கல் இல்லை.

இதே தொழில் இன்றைக்குத் தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் சிம்பாப்வேயிலும் நடக்கிறது. உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி, தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், வருஷத்துக்கு இத்தனை யானை என்ற ஒதுக்கீடு. ஒரு யானைக்குப் பல்லாயிரம் டொலர் கட்டணம். பொட்சுவானா 2014இல் தடை போட்டு 2019இல் எடுத்துவிட்டது. அந்தப் பணம் ஊருக்குப் போய்ச் சேர்கிறதா என்ற சண்டை அங்கே ஓயவில்லை. நம் ஊவாவில் இந்தச் சண்டைக்கே இடமிருக்கவில்லை. அங்கே சுடுபவர் காசு கட்டுகிறார். இங்கே சுட்டவருக்கு அரசாங்கம் காசு கொடுத்தது.

ரொஜர்ஸின் சாவு பற்றிச் சொல்லப்படும் கதை இது. அப்புத்தளை வாடிவீட்டில் மழை விட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தார். எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறையையும் பிறகு இடி பிளந்தது என்பார்கள். யானைகளின் சாபம் என்று சொல்வது எளிது. இடிமழை நேரத்தில் அப்புத்தளை முகட்டில் நிற்பவருக்கு இடி விழச் சாபம் எதற்கு?

மலையில் யானை அருகியபிறகுதான் துரைமாருக்கு யோசனை வந்தது. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆரம்பித்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். நாளைக்குச் சுட ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்ற கவலை. யால பாதுகாப்பு நிலமானதில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று ஊவாவில் யானை பார்க்க வேண்டுமானால் வெல்லவாய, புத்தல பக்கம் இறங்க வேண்டும். தேயிலை மலைகளில் மிஞ்சியது பன்றியும் மரையும் சிறுத்தையும்தான். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டும் செய்தி மலையகத்திலிருந்து அடிக்கடி வருகிறது.

(அடுத்த வாரம்: சாமுவேல் பேக்கரின் நாய்கள்)