'ஃபார்மல்ஸ்ல வாங்க' என்றால் என்ன அர்த்தம்? முதல் வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஒரு கணக்கு

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் ஹெச்.ஆரிடமிருந்து இன்னொரு மெயில் வரும். எந்தத் தேதி, எந்த கேட், என்னென்ன சான்றிதழ் நகல் என்று எல்லாம் விவரமாக இருக்கும். கடைசி வரி மட்டும் ரொம்பச் சின்னது: 'ஃபார்மல்ஸில் வரவும்.' அப்படியென்றால் என்ன என்று மெயில் சொல்லாது. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

எனக்குத் தெரியவில்லை. முதல் வேலைக்காக டெல்லிக்கு ரயில் ஏறியபோது என் பெட்டியில் நான்கு புதுச் சட்டைகள் இருந்தன. நான்கும் 42 சைஸ். என் அளவு 39. "துவைச்சா கொஞ்சம் சுருங்கும், நாளைக்கு உடம்பு போட்டாலும் ஆகும்" என்று அப்பா பார்த்துப் பார்த்து எடுத்தது. முதல் நாள் மதியம் பக்கத்து சீட்காரர் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார்: "அண்ணன் சட்டையா?" எனக்கு அண்ணன் கிடையாது.

அப்பா செலவழித்ததில் குறையில்லை. வாழ்நாள் முழுக்க காக்கி போட்டு வேலை பார்த்தவர் அவர். ஆபீஸ் சட்டை உடம்பில் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவரால் எனக்கும் சொல்ல முடியவில்லை. தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் போன வீடுகளில் இந்தப் பாடம் தானாகவே வந்துவிடுகிறது. மற்றவர்கள் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு விலை கொடுக்கிறார்கள். ஒன்று கேலி, இன்னொன்று கிரெடிட் கார்டு பில். இரண்டையும் எப்படிக் குறைக்கலாம்?

ஃபார்மல் எது என்று யார் முடிவு செய்வது?

நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. தமிழ்நாடு அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் ஆணை போட்டது. அதன்படி ஆண்கள் ஃபார்மல் பேன்ட், சட்டை அணியலாம். தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணியலாம். மகாராஷ்டிர அரசு 2020 டிசம்பரில் தன் ஊழியர்களிடம் ஜீன்ஸ், டி-ஷர்ட், செருப்பு வேண்டாம் என்றது, வெள்ளிக்கிழமையாவது கதர் உடுத்தச் சொன்னது. 2021 ஜூனில் சிபிஐ-யும் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்போர்ட்ஸ் ஷூ கூடாது என்று சொல்லிவிட்டது.

தனியார் துறையில் காற்று இரண்டு பக்கமும் அடிக்கிறது. இன்ஃபோசிஸ் 2015-ல் வாரம் முழுக்க 'பிசினஸ் கேஷுவல்' போதும் என்று தளர்த்தியது. டிசிஎஸ் 2023-ல், கொரோனா காலம் முடிந்து ஆபீஸுக்குத் திரும்பிய ஊழியர்களுக்கு உடைவிதியை மறுபடி நினைவூட்டியது.

டி-ஷர்ட் விவகாரம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலின் டி-ஷர்ட் அணிவதை எதிர்த்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டபோது, மேலே சொன்ன 2019 ஆணைதான் சுட்டிக்காட்டப்பட்டது. விஷயம் அவ்வளவு தெளிவில்லாதது. உங்களுக்குக் குழப்பம் வந்தால் அது உங்கள் தப்பில்லை.

நடைமுறையில் மூன்று படிகள் இருக்கின்றன:

- பிசினஸ் ஃபார்மல்: கோட், டை. பெரிய வழக்கறிஞர் அலுவலகங்கள், சில வங்கிகள், முக்கியமான கிளையண்ட் மீட்டிங்குகள்.
- ஃபார்மல்: இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, பேன்ட், பெல்ட், லெதர் ஷூ. பெரும்பாலான மெயில்கள் சொல்வது இதைத்தான்.
- பிசினஸ் கேஷுவல்: சட்டை அல்லது காலர் வைத்த டி-ஷர்ட், சினோஸ் பேன்ட். பல ஐடி கம்பெனிகளில் இதுதான்.

எந்தப் படி என்று தெரியவில்லையா? "டை, பிளேசர் தேவையா?" என்று ஹெச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்காமல் 8,000 ரூபாய்க்கு கோட் வாங்கி அலமாரியில் தொங்கவிடுவதுதான் நஷ்டம்.

விலை முக்கியமா, அளவு முக்கியமா?

அளவு. சரியான அளவில் இருக்கும் 800 ரூபாய் சட்டை, தொளதொளவென்று தொங்கும் 3,000 ரூபாய் சட்டையைவிட நன்றாக இருக்கும். கடையில் டிரையல் ரூமுக்குள் போனதும் ஐந்து இடங்களைப் பாருங்கள்.

தோள்: சட்டையின் தோள் தையல், உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கைப்பக்கம் இறங்கினால் சட்டை பெரியது. கழுத்துப்பக்கம் ஏறினால் சின்னது. உடம்பைப் பிடித்துத் தைப்பதும் கை நீளத்தைக் குறைப்பதும் டெய்லருக்குச் சுலபம். தோளைச் சரிசெய்வது கஷ்டம். அதனால் தோளைப் பார்த்து வாங்குங்கள், மற்றதை ஆல்டர் பண்ணிக்கொள்ளலாம்.

கழுத்து: மேல் பட்டனைப் போட்ட பிறகும் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். 39, 40 என்று சட்டையில் போட்டிருப்பது பொதுவாகக் காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். டேப் எடுத்துக் கழுத்தை ஒருமுறை அளந்துவிட்டால் ஆன்லைனில் வாங்கும்போது பாதிக் குழப்பம் தீரும்.

கை: கஃப் மணிக்கட்டு எலும்பு வரை வர வேண்டும். உள்ளங்கையை மூடக்கூடாது.

சட்டை நீளம்: இன் பண்ணிவிட்டு இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். சட்டை வெளியே வந்துவிட்டால், பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கம்பியைப் பிடிக்கும்போதும் வரும்.

பேன்ட்: அடிமுனை ஷூவின் மேல் லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழுந்தால் நீளத்தைக் குறைக்கக் கொடுங்கள்.

நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்று கிடைத்துவிட்டால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் டெய்லரிடம் 'அளவு சட்டை' கொடுப்போமே, அதே வேலையை இது எந்த நகரத்திலும் செய்யும்.

'இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?'

இந்தக் கேள்வியில் நம்மில் பலருக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. "உங்க கலருக்கு இது எடுக்காது சார்" என்று துணிக்கடையில் ஒருமுறையாவது கேட்டிருப்போம். மாநிறமோ கறுப்போ, வெள்ளையும் வெளிர் நீலமும் பளிச்சென்று எடுத்துக் காட்டும். தயங்கவே வேண்டாம்.

ஆபீஸ் உடையில் எளிய விதி இதுதான்: சட்டை வெளிர் நிறம், பேன்ட் அடர் நிறம். வெள்ளை, வெளிர் நீலம், மெல்லிய கோடு போட்ட ஒன்று என மூன்று சட்டை. கருநீலம், அடர் சாம்பல் என இரண்டு பேன்ட். எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டோடும் சேரும் என்பதால் 3 x 2 = 6 ஜோடி. வாரத்துக்கு ஐந்து நாள்தான் ஆபீஸ். காலையில் யோசிக்கவே வேண்டியதில்லை.

பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். சாக்ஸ் பேன்ட்டின் நிறத்தோடு போகட்டும். கறுப்பு ஷூவுக்குள் வெள்ளை ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் வேண்டாம், உட்கார்ந்ததும் அதுதான் முதலில் தெரியும். மின்னும் துணியில் தைத்த ரிசப்ஷன் சட்டை ரிசப்ஷனுக்கே இருக்கட்டும்.

முதல் சம்பளத்துக்கு முன் எவ்வளவு செலவழிக்கலாம்?

ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும் போதும். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஒரு மாதிரிக் கணக்கு:

- 3 சட்டை (தலா 1,000) – 3,000 ரூபாய்
- 2 பேன்ட் (தலா 1,300) – 2,600 ரூபாய்
- 1 ஜோடி ஷூ – 2,000 ரூபாய்
- பெல்ட் – 500 ரூபாய்
- 4 ஜோடி சாக்ஸ் – 400 ரூபாய்
- 5 உருப்படிக்கு ஆல்டரேஷன் – 500 ரூபாய்

மொத்தம் 9,000 ரூபாய். இதற்கு மேல் கடன் வாங்கியோ இஎம்ஐ போட்டோ எதுவும் எடுக்காதீர்கள். முதல் வாரம் உங்கள் டீமில் இருப்பவர்களைக் கவனியுங்கள், குறிப்பாக உங்களைவிட ஒரு படி மேலே இருப்பவர்களை. அவர்கள் போலோ டி-ஷர்ட்டில் வந்தால் அடுத்த மாதம் நீங்களும் அதையே வாங்கலாம். பட்ஜெட்டில் கையை வைக்க வேண்டியிருந்தால் மூன்றாவது சட்டையைத் தள்ளிப்போடுங்கள். ஆல்டரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளம் வர ஆரம்பித்த பிறகு கணக்கை மாற்றலாம். சட்டையின் விலையை மட்டும் பார்க்காமல், ஒருமுறை போட எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 600 ரூபாய் சட்டை 30 முறை போட்டதும் காலர் நைந்துபோனால் ஒரு முறைக்கு 20 ரூபாய். 1,500 ரூபாய் சட்டை 100 முறை தாங்கினால் 15 ரூபாய்தான். வாரம் ஒருமுறை என்றால் 100 முறை என்பது கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

2,500 ரூபாய்க் கோடு

விலைச்சீட்டைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் 5% ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் 18%. ஷூவுக்கும் ஒரு ஜோடிக்கு இதே கோடுதான்.

வரிக்கு முன் 2,500 ரூபாய் உள்ள சட்டை உங்கள் கைக்கு 2,625 ரூபாய்க்கு வரும். 2,600 ரூபாய் உள்ள சட்டை 3,068 ரூபாய். சட்டை விலையில் வித்தியாசம் 100 ரூபாய், நீங்கள் கொடுப்பதில் வித்தியாசம் 443 ரூபாய். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் சட்டையை அப்படியே வைத்துவிட்டு வந்தால் லாபம்.

டெல்லியில் கோட், மும்பையில் காட்டன்?

கோட், டை எல்லாம் குளிர்நாட்டிலிருந்து வந்த உடை. ஜப்பானே 2005-ல் 'கூல் பிஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, கோடையில் டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னது. ஏசியை 28 டிகிரியில் வைப்பதற்காக அந்த ஏற்பாடு.

சென்னையிலும் மும்பையிலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. காட்டன் அல்லது காட்டன் அதிகமுள்ள கலப்புத் துணி எடுங்கள். முழு பாலியெஸ்டர் சட்டை கசங்காது, ஆனால் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். லோக்கல் ரயிலில் போகிறவர்கள் கூட ஒரு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் மாற்றலாம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் கோடாகத் தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் பனியன் போட்டால் தெரியாது.

டெல்லி, குருகிராம் போகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் பிளேசர் அலங்காரமில்லை, தேவை. கம்பளி கலந்த கருநீல பிளேசர் ஒன்று போதும், உள்ளே 'வி' கழுத்து ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். வாங்கியதும் கைப்பக்கம் தைத்திருக்கும் பிராண்ட் லேபிளையும், பின்பக்கப் பிளவைச் சேர்த்திருக்கும் பெருக்கல் குறித் தையலையும் பிரித்துவிடுங்கள். இரண்டும் கடையில் இருக்கும் வரைக்கும்தான். கடைசி பட்டனைப் போடாமல் விடுவது வழக்கம். டை கட்டினால் அதன் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் கிளப், அரங்கம் போன்ற இடங்களுக்குள் நுழைவதைப் பற்றியது. கம்பெனி தன் ஊழியருக்குப் போடும் உடைவிதி வேறு விஷயம். அதற்கு ஆஃபர் லெட்டரையும் பணி விதிகளையும்தான் பார்க்க வேண்டும்.

எல்லை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்பதும் உண்மை. வெள்ளைக்காரன் காலத்து வழக்கங்களை இறுக்கிப் பிடித்த இந்தியக் கடற்படையே 2024-ல் தன் அதிகாரிகளின் மெஸ்ஸில் குர்தா-பைஜாமாவை அனுமதித்தது. உங்கள் ஆபீஸில் பொங்கல் கொண்டாட்டம் வந்தால் வேட்டியோடு போய்ப் பாருங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து நாளுக்கான துணியையும் அன்றே அயர்ன் பண்ணியோ அயர்ன் கடையில் கொடுத்து வாங்கியோ ஹேங்கரில் மாட்டுங்கள். சட்டையைத் துவைக்கும் முன் காலரிலும் கஃபிலும் சோப்பு போட்டு மெதுவாகத் தேயுங்கள், அழுக்கு அங்கேதான் படியும். அக்குளில் வரும் மஞ்சள் கறைக்குப் பெரும்பாலும் வியர்வையும் வியர்வை தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேருவதுதான் காரணம். பூசியது காய்ந்த பிறகு சட்டையைப் போடுங்கள். ஷூ ஒரே ஜோடிதான் என்றால் ராத்திரி காற்றாட வையுங்கள், வாரம் ஒருமுறை பாலிஷ் போடுங்கள்.

அந்த நான்கு 42 சைஸ் சட்டைகளையும் நான் தூக்கிப் போடவில்லை. முதல் சம்பளம் வந்ததும் வீட்டுப் பக்கத்தில் இருந்த டெய்லரிடம் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். மூன்று ஓரளவுக்குச் சரியாக வந்தன. நான்காவதில் தோள் இறங்கியே நின்றது, அதை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு அளவு சரியாக இருந்தது. அந்தத் தீபாவளிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டார்.