வீட்டில் ஒலிக்கட்டும் வாசிப்பு

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், கட்டணத்தையும் கட்டிவிட்டோம், இனிப் படிப்பு ஆசிரியரின் பொறுப்பு என்று எண்ணி அமைதியடையும் பெற்றோர் நம்மிடையே பலர். மதிப்பெண் அட்டை வரும் நாளில்தான் அந்த அமைதி கலைகிறது. "கணக்கில் ஏன் குறைந்தது? அறிவியலில் ஏன் குறைந்தது?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். வினாவையே வாசித்து அறிந்துகொள்ள இயலாத பிள்ளை விடையை எவ்வாறு எழுதும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. முதலிரண்டு வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பு முதல், கற்பதற்காகவே வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் படியில் கால் இடறிய பிள்ளைக்கு எல்லாப் பாடமும் இருளாகிறது. மந்தம் என்ற பெயரும் வந்து சேர்கிறது. குறை அறிவில் அன்று, பயிற்சியில்தான் என்பதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாதபோது, அந்தப் பெயரைப் பிள்ளையே நம்பத் தொடங்கிவிடுகிறது.

சென்னையின் மேற்கே உள்ள பாடி, திருவலிதாயம் என்று தேவாரத்தில் இடம்பெற்ற தொன்மையான ஊர். 1960களில் லூக்காஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் இங்கே எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அருகில் வளர்ந்தது. பிழைப்பு நாடிப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. தந்தை ஷிப்டு முடிந்து களைத்து வருகிறார். தாயும் வேலைக்குச் செல்கிறார். பிள்ளைகளுள் பலர் ஆங்கில வழிப் பள்ளியில் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசப்படுகிறது, ஆயினும் வாசிக்கப்படுவதில்லை. ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கப் பிள்ளைகளை அழைத்தால், தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதித் தரக் கேட்கும் நிலை நம் பங்குகளில் புதிதன்று. இது பாடிக்கு மட்டும் உரிய குறையும் அன்று. நகர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றின் குறை.

அரசின் முயற்சிகள் உணர்த்துவது

இக்குறையைக் களையத் தமிழ்நாட்டில் பல முயற்சிகள் நடந்துள்ளன. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவிற்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்திற்கேற்ப, அட்டைகளைக் கொண்டு படிப்படியாக முன்னேறுவதே அம்முறை. கொரோனா நோயால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்பினருக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். 2022 ஜூனில் நம் அண்டை மாவட்டமான திருவள்ளூரில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகள் தத்தம் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகையாகப் பிரிக்கப்பட்டுப் பயின்றனர்.

வகுப்பில் ஏறுவது வேறு, வாசிக்க அறிவது வேறு என்பதே இவை யாவும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆகவே பெற்றோராகிய நாமும், பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பாராமல், எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டு அங்கிருந்தே தொடங்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வகுப்பு நூல் தேவைப்படின், அதைக் கையில் கொடுப்பதில் இழுக்கு ஏதும் இல்லை.

வாசிப்புப் பயிற்சி

நிலையை அறிவது எளிது. பிள்ளை பாடத்தை ஒப்பிக்கிறதா, உண்மையில் வாசிக்கிறதா என்று ஐயம் எழுந்தால், கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். மனப்பாடம் அங்கே துணைக்கு வாராது.

தமிழ் எழுத்து 247 என்றதும் பிள்ளைகள் மலைக்கின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய முப்பத்தொன்றைக் கற்றுக்கொண்டு, கால், கொம்பு முதலிய குறிகளின் பயனையும் உணர்ந்துவிட்டால், மீதமுள்ள 216இல் பெரும்பகுதி தானே கைவரும். கு, சு, து, மு போன்ற உகர வரிசையும், கூ, சூ, தூ, மூ போன்ற ஊகார வரிசையும் மட்டுமே எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவன. அவற்றுக்குத் தனிப் பயிற்சி தருக. ட, ப, ம ஆகிய மூன்றும் எழுத எளியவை. இவற்றையும் இவற்றின் புள்ளி எழுத்துகளையும் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களை அமைக்கலாம். முதல் நாளிலேயே ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி, மறுநாளும் பிள்ளையை நூலிடம் அழைத்துவரும்.

குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கச் செய்யுங்கள். 'படி' என்பதில் ஒரு காலைச் சேர்த்தால் 'பாடி' ஆகிறது. 'கொடு' என்பதில் கொம்பை மாற்றினால் 'கோடு' ஆகிறது. ஓலைச் சுவடிகளில் எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு தெளிவாக இல்லாதிருந்தது. நெடிலுக்கெனத் தனி வடிவம் அமைத்து அத்தொல்லையைத் தீர்த்தவர், 1680இல் இத்தாலியில் பிறந்து நம் நாட்டில் மறைப்பணியாற்றிய சேசு சபைக் குரு வீரமாமுனிவர். நம் பிள்ளைகள் இன்று 'கே' என்றும் 'கோ' என்றும் தயக்கமின்றி வாசிப்பதில் அவருக்கும் பங்குண்டு.

ஒலிப்பிலும் கவனம் வேண்டும். கல், பக்கம், தங்கம், பகல் ஆகிய நான்கிலும் வருவது ககர எழுத்தே. ஆயினும் இடத்திற்கேற்ப ஒலி வேறுபடுகிறது. இதை விதியாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, வாய்விட்டு வாசிக்கச் செய்தால் காதே கற்றுக்கொள்ளும். ல, ழ, ள வேறுபாட்டையும் 'வாலை ஆட்டும்', 'வாழை காய்க்கும்', 'வாளை நீந்தும்' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கலாம்.

சொல்வளம்

நம் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் ஒன்று, நூல் தமிழ் வேறொன்று. 'வந்தாங்க' என்று பேசும் பிள்ளை, 'வந்தார்கள்' என்பதை நூலில் கண்டு மிரள்கிறது. இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டால் அச்சம் நீங்கும். அதற்கு அகராதியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை, தெருவே பாடநூலாகும். பேருந்தின் பெயர்ப் பலகையைப் பிள்ளையே வாசிக்கட்டும். கொரட்டூர், அம்பத்தூர் என்பவற்றில் 'ஊர்' ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கட்டும். எல்லோரும் பூந்தமல்லி என்று பேச, பலகையில் பூவிருந்தவல்லி என்றிருப்பது ஏன் என்று வியக்கட்டும்.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பாட்டுப் பாடி வந்தான்' என்னும்போது பாடி என்பது வினை. படை தங்கும் இடத்திற்கும், மக்கள் வாழும் ஊருக்கும் பாடி என்பது பெயர். ஆயர் வாழ்ந்த ஊர் ஆயர்பாடி. ஆயர் என்றால் ஆநிரை மேய்ப்பவர். நம் மறைமாவட்டத் தலைவரையும் ஆயர் என்கிறோமே, ஏன்? மந்தையைக் காக்கும் பொறுப்பு அவருக்கு உண்டல்லவா? இவ்வாறு ஒரு சொல்லிலிருந்து மறு சொல்லுக்குப் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திச் சென்றால், சொற்கள் நினைவில் வேரூன்றும்.

இலக்கணம்

இலக்கணம் என்றதும் நூற்பா மனப்பாடம் என்று அஞ்சுதல் வேண்டா. தொடக்க வகுப்பில் வேண்டுவது பழக்கமே. 'மாடு மேய்ந்தது' என்று ஒரு வாக்கியம் சொல்லி, ஒன்றைப் பலவாக்கச் சொல்லுங்கள். 'மாடுகள் மேய்ந்தன' என்று வர வேண்டும். 'சிறுமி பாடினாள்' என்பதைச் சிறுவனுக்கு மாற்றச் சொல்லுங்கள். நேற்று நடந்ததை நாளை நடப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள். உணவு வேளையில் விளையாட்டாகவே திணை, பால், எண், காலம் யாவும் பழகிவிடும்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஒற்றின் பயனைக் காட்டலாம். 'வேலை கொடு' என்றால் பணி தரச் சொல்வதாகும். 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் படைக்கருவியைத் தரச் சொல்வதாகும். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ஓர் எழுத்து பொருளையே புரட்டிவிடும் என்று கண்ட பிள்ளை, பின்னர் எழுத்துப் பிழையை அற்பமாக எண்ணாது.

தாய்மொழியே முதற்படி

"ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதரால் அறிவிக்கப்பட்ட புனித லசால் அருளப்பர் (1651–1719), இதற்குச் செயலாலேயே விடை தந்தவர். அவர் காலத்துப் பிரான்சு நாட்டில் பிள்ளைகளுக்கு இலத்தீன் நூலைக் கொண்டே முதலில் வாசிக்கக் கற்பிப்பது வழக்கம். பொருள் விளங்காத மொழியில் எழுத்துக் கூட்டி ஏழைப் பிள்ளைகள் அயர்ந்தனர். அவர் அம்முறையை மாற்றி, அவர்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார். அறிந்த மொழியில் வாசிக்கும்போதுதான் வாசித்தது பொருளாகிறது. அந்தப் பழக்கம் வேறு மொழிக்கும் கைகொடுக்கிறது.

பொருளுணராத வாசிப்பு போதாது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலும் காட்டுகிறது. தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலரிடம், வாசிப்பது விளங்குகிறதா என்றே பிலிப்பு முதலில் வினவினார். வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று கூறி, அந்த அலுவலர் அவரைத் தம்மருகே அமர்த்திக்கொண்டார். நம் பிள்ளைகள் அருகிலும் ஒருவர் அமர வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது

நாள்தோறும் கால் மணி நேரம் போதும். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, பிள்ளையை உரக்க வாசிக்கச் செய்து கேளுங்கள். தடுக்கினால் உடனே குறுக்கிடாமல் சற்றுப் பொறுங்கள். அதுவே திருத்திக்கொள்ள இடம் கொடுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வாசித்து முடித்ததும், வாசித்ததைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். "எங்களுக்கே எழுத்து வாசனை இல்லையே" என்று வருந்தும் பெற்றோரும் இதைச் செய்யலாம்; கேட்பதற்குக் காதும், வியப்பதற்கு நெஞ்சமும் இருந்தால் போதும். முதியோர் இருக்கும் வீட்டில் அவர்களே சிறந்த துணை. திமொத்தேயுவின் நம்பிக்கை, பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முதலில் குடிகொண்டிருந்தது என்று புனித பவுல் நினைவூட்டுகிறார். மறைநூலைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர் அந்தத் திமொத்தேயு.

எங்கே தொடங்குவது என்று தயங்க வேண்டா. சனிக்கிழமை மாலை, குடும்பச் செபத்தின்போது, மறுநாள் திருப்பலியின் நற்செய்தியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். முதல் வாரம் இரண்டு வரி போதும். அடுத்த வாரம் நான்காகட்டும். வீட்டார் அனைவரும் அமைதியாக இருந்து செவிசாய்ப்போம். தன் குரலைக் குடும்பமே கேட்கிறது என்று அறிந்த பிள்ளை, ஒருநாள் ஆலயத்தில் வாசக மேடை ஏறவும் அஞ்சாது.